சைக்கிளை விட்டு இறங்காதவர்கள்

"நேதாஜி வந்த பிறகுதான் தோட்டத்துத் தமிழன் தலை நிமிர்ந்தான்." கிள்ளானில் வளர்ந்த எவரும் இந்த வாக்கியத்தை ஒரு முறையாவது கேட்டிருப்பார். கோயில் மண்டபத்துக் கூட்டத்தில் கேட்டிருப்பார், கல்யாணப் பந்தலில் கேட்டிருப்பார், ஏதாவதொரு சாப்பாட்டுக் கடையில் அந்தப் பழைய படத்துக்குக் கீழே உட்கார்ந்து கேட்டிருப்பார். சீருடை, முழங்கால் வரை தோல் காலணி, இடுப்புப் பட்டை, மூக்குக் கண்ணாடி. நானும் கேட்டு வளர்ந்தவன்தான். பள்ளிப் பேச்சுப் போட்டியில் இதையே மூச்சு விடாமல் ஒப்பித்துக் கோப்பையும் வாங்கியிருக்கிறேன்.

அண்மைக் காலத்தில் அந்த வாக்கியத்துக்கு ஒரு வால் முளைத்திருக்கிறது. நம் பிள்ளைகள் தறிகெட்டுப் போவதற்குக் காரணம் படை ஒழுக்கம் இல்லாததுதானாம். இன்னொரு நேதாஜி வந்து சீருடை மாட்டி நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடுமாம். டில்லியில் 2021 முதல் அவர் பிறந்த நாளான சனவரி 23 பராக்கிரம நாள். 2022 செப்டம்பரில் இந்தியா கேட் அருகே அவருக்கு 28 அடி உயரக் கருங்கல் சிலை எழுந்தது. இங்கே பிரிக்பீல்ட்ஸில் இந்தியத் தூதரகத்தின் பண்பாட்டு மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே தவில் கொட்டினால் இங்கே தலையாட்டுகிறோம்.

அந்த வாக்கியம் பொய் என்பதே என் கட்சி. சுபாஷ் சந்திர போஸ் அஞ்சாதவர் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. 1943 பிப்ரவரியில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் நீர்மூழ்கிக் கப்பலேறி, மடகாஸ்கர் பக்கம் நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு ரப்பர் படகில் மாறி வந்தவரைக் கோழை என்று எந்த வாய் சொல்லும்? நான் மறுப்பது வேறு. தோட்டத் தமிழன் நிமிர்ந்தது போரால் அல்ல. அவன் நிமிர்ந்த இடம் இதே கிள்ளான். ஆண்டு 1941. போஸ் அப்போது பெர்லினில் இருந்தார்.

அந்த ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால் வெட்டுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். தொடக்கம் கூலிக் கணக்குதான். ரப்பருக்குப் போர்க் கால விலை. துரைமார் கல்லாவில் காசு குவிகிறது. அதே மரத்தை வெட்டும் சீனத் தொழிலாளிக்கு ஒரு கூலி, தமிழனுக்கு அதைவிடக் குறைந்த கூலி. கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்த ஆர். எச். நாதன் கிள்ளானுக்கு வந்து, கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழியாக அவர்களை ஒன்று சேர்த்தார். படித்தவர்களின் சங்கங்கள் மனு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இந்த மனிதர் லயத்து வாசலில் போய் நின்றார்.

அவர்கள் வைத்த கோரிக்கைப் பட்டியலை ஒரு முறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். சம கூலி. பத்து, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு முடிவு. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம், நோயாளிக்கு ஒழுங்கான மருத்துவம். கள்ளுக்கடையை மூடு. கை நீட்டும் கிராணியை மாற்று. எங்கள் பெண்களிடம் வாலாட்டாதே. உறவுக்காரர்கள் தோட்டத்துக்குள் எங்களைப் பார்க்க வந்து போக விடு. சங்கம் வைத்துக்கொள்ள விடு. இவற்றோடு இன்னொன்று: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம், ஏறியபடியே போவோம்.

எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அந்தக் கடைசிக் கோரிக்கைதான் பெரிது. தோட்டத்துச் செம்மண் பாதையில் ஒருவன் சைக்கிளில் போகிறான். எதிரே துரை. இவன் இறங்கி, ஓரமாக ஒதுங்கி, தலையைத் தாழ்த்தி, அவர் போகும் வரை வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கூலியை உயர்த்தாவிட்டால் வயிறு காயும்; சைக்கிளை விட்டு இறங்குவதால் என்ன குறையும்? கணக்குப் பார்த்தால் ஒரு காசு குறையாது. ஆனாலும் அதைத் தாளில் எழுதி, சம கூலிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். தலை நிமிர்வது என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஒரு துப்பாக்கியும் இல்லாமல், காந்தி குல்லாவைத் தலையில் வைத்துக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு வர மறுத்தவர்கள் எழுதிய வரி அது.

மே மாதம் நாதனைக் கைது செய்து பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவரை விடச் சொல்லி வேலை நிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்து ராணுவத்தை இறக்கினார்கள். ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நூற்றுக்கணக்கில் சிறை, பலர் நாடு கடத்தப்பட்டார்கள். இவ்வளவும் ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்குவதற்கு ஏழு மாதம் முன்பு, போஸ் சிங்கப்பூரில் இறங்குவதற்கு இரண்டு ஆண்டு முன்பு.

ஆகவே, குனிந்து கிடந்தவனை ஒருவர் வந்து நிமிர்த்தினார் என்ற கதையில் முதல் பாதியே தவறு. நிமிர்ந்து நின்றவனைத்தான் போஸ் 1943-ல் சந்தித்தார். அந்த நிமிர்வைக் கண்டு அதைப் போருக்குக் கேட்டார். கேட்டதும் கிடைத்தது. கிடைத்ததை எங்கே கொண்டுபோய்ச் செலவழித்தார் என்பதுதான் கேள்வி.

அதற்கு முன்னால் அந்தச் சீருடையைப் பற்றி. மேடைகளில் அவரை மாபெரும் படைத் தளபதி என்கிறார்கள். போஸின் ராணுவ அனுபவம் எவ்வளவு? அவரே தம் முற்றுப்பெறாத தன்வரலாற்றில் ஒளிவு மறைவின்றி எழுதியிருக்கிறார். முதல் உலகப் போரின்போது வங்காளிப் படைப்பிரிவு ஒன்றில் சேரப் போனார். கண் பார்வை போதாதென்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு கல்கத்தா பல்கலைக்கழக மாணவர் படையில் சில மாத முகாம் வாழ்க்கை, சில வாரத் துப்பாக்கிப் பயிற்சி. இந்தியன் உள்ளே நுழைய முடியாத வில்லியம் கோட்டைக்குள் துப்பாக்கி வாங்க அணிவகுத்து நுழைந்தபோது அந்த இளைஞனுக்கு உண்டான கிளர்ச்சியைப் படித்தால் நமக்கே உடம்பு சிலிர்க்கும். கேம்பிரிட்ஜுக்குப் போன இடத்திலும் அதிகாரிப் பயிற்சிப் படையில் சேர இந்திய மாணவர்களுக்காக வாதாடினார், வெள்ளைக்காரன் மறுத்தான். 1928 கல்கத்தா காங்கிரசில் தொண்டர் படைக்குத் தலைமைத் தளபதியாகச் சீருடை தைத்து அணிந்து நின்றார். சுருக்கமாகச் சொன்னால், மறுக்கப்பட்ட ஒன்றின் மீது வாழ்நாள் முழுக்க நீடித்த ஏக்கம். அதில் தவறில்லை. ஆள்பவன் ஆயுதத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும்போது ஆளப்படுபவனுக்கு அதன் மேல் ஆசை வருவது இயல்பு. ஆனால் ஆசை வேறு, அனுபவம் வேறு. குண்டு விழும் இடத்தில் ஒரு நாள் சிப்பாயாக நிற்காமலேயே ஆயிரக்கணக்கானோரை அங்கே அனுப்பும் அதிகாரம் அவர் கைக்கு வந்தது.

சீருடை போடாதவன் போரைப் பற்றிப் பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் இந்தக் கட்டுரையை எழுத எனக்கே தகுதியில்லை. ஆனால் உண்மையிலேயே சண்டையைப் பார்த்தவர்கள் அதே காலத்தில், அதே படையில் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பாருங்கள். இந்திய தேசிய ராணுவத்தை முதலில் 1942-ல் உருவாக்கியவர் கேப்டன் மோகன் சிங். ஜித்ராவில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்றவர். துப்பாக்கிச் சத்தம் என்றால் என்னவென்று அறிந்தவர். அந்த மனிதர் ஜப்பானியரிடம் திரும்பத் திரும்ப ஒன்றைக் கேட்டார்: எங்களை எதற்காக, எந்த உறுதியோடு பர்மாவுக்கு அனுப்புகிறீர்கள்? சரியான பதில் வராததால் ஆளை அனுப்ப மறுத்தார். 1942 டிசம்பர் கடைசியில் ஜப்பானியர் அவரைக் கைது செய்தார்கள். தமக்கு ஏதாவது நேர்ந்தால் படையைக் கலைத்துவிடும்படி அவர் முன்னமே ஏற்பாடு செய்திருந்தார். அதே மாதம் பினாங்கு வழக்கறிஞர் என். ராகவனும் இந்திய சுதந்திரச் சங்கத்தின் நடவடிக்கைக் குழுவிலிருந்து விலகினார். தம் பள்ளியில் பயிற்சி பெற்ற இளைஞர்களை ஜப்பானியர் தம்மைக் கேட்காமலே ஒற்றர்களாக இந்தியாவுக்கு ஏற்றி அனுப்பியதைப் பொறுக்காதவர் அவர். அதே குழுவில் இருந்த கே. பி. கேசவ மேனன் ஜப்பானியரை நம்ப மறுத்து, பின்னால் அவர்கள் சிறையிலேயே கிடந்தார்.

இவர்கள் படங்களுக்கு யார் மாலை போடுகிறார்கள்? 'முடியாது' என்றவனுக்குச் சிலை கிடையாது. 'புறப்படு' என்றவனுக்குத்தான் கருங்கல்.

இப்போது சயாம்.

எங்கள் பாட்டி, செத்துப்போன பெரிய தாத்தாவைப் பற்றிப் பேசும்போது 'செத்துட்டாரு' என்று சொன்னதே இல்லை. 'சயாமுக்குப் போயிட்டாரு' என்பார். நெடுநாள் வரை சயாம் ஒரு நாடு என்பது எனக்குத் தெரியாது. அது சாவுக்கு இன்னொரு பெயர் என்று நினைத்திருந்தேன். பிறகு படித்துத் தெரிந்துகொண்டதும் பாட்டியின் அகராதியில் பெரிய மாற்றம் செய்யத் தேவைப்படவில்லை.

தாய்லாந்திலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை ஜப்பானியர் போட்ட ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபர் 17-ல் இரு முனைகளும் இணைந்தன. வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் ஏறத்தாழ அறுபதாயிரம் பேர். இறந்தவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் புல் வெட்டிப் பராமரிக்கும் மயானம் உண்டு. ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. 1957-ல் ஆங்கிலப் படம் ஒன்று எடுத்தார்கள். படப்பிடிப்பு நடந்தது இலங்கையில். அந்தப் படத்திலும் நம் ஆள் இல்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து அள்ளிப் போனவர்கள் எழுபதாயிரம் அளவில் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். 'மூன்று மாத வேலை, நல்ல கூலி' என்றார்கள். அதை நம்பிப் போனவர்கள் பாதி, லாரியில் பிடித்து ஏற்றப்பட்டவர்கள் மீதி. மழைக்காலத்தில் காலரா வந்தது. கைதிகளுக்காவது தம்மோடு சிறைப்பட்ட ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், கணக்கு எழுதும் அதிகாரிகள் இருந்தார்கள். தமிழனுக்கு இரண்டும் இல்லை. பல்லாயிரம் பேர் செத்தார்கள். எத்தனை ஆயிரம் என்பதிலேயே இன்று வரை ஆளுக்கொரு கணக்கு. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' என நம் நாவலாசிரியர்கள்தான் அந்தக் காட்டுக்குள் போய் நமக்காக எலும்பு பொறுக்கினார்கள்.

இனி தேதிகளைக் கோத்துப் பாருங்கள். அக்டோபர் 17: தண்டவாளம் இணைகிறது. அக்டோபர் 21: சிங்கப்பூர் கேத்தே அரங்கில் ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசைப் போஸ் அறிவிக்கிறார். அக்டோபர் 23 நள்ளிரவு தாண்டி அந்த அரசு போர் அறிவிக்கிறது, பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும். அக்டோபர் 25: ஜப்பானியர் ரயில் பாதைக்குத் திறப்பு விழா எடுக்கிறார்கள். இவ்வளவும் ஒன்பது நாளுக்குள். கிழக்காசிய இந்தியர் அனைவருக்கும் தானே அரசு என்று சொல்லிக்கொண்ட ஓர் அரசு பிறந்த அதே வாரத்தில், அதன் குடிமக்களைக் கூட்டம் கூட்டமாகத் தின்று முடித்த பாதைக்குக் கொடி அசைக்கிறார்கள். போர் அறிவிப்பில் சயாமைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நியாயமாகப் பேச வேண்டும். அவர் ஜூலையில் வந்து இறங்குவதற்கு முன்பே பெரும்பாலான லாரிகள் போய்விட்டன. ஆளைப் பிடித்தது அவரல்ல. ஆனால் ஜூன் மாதமே தோஜோவை நேரில் சந்தித்துப் பேசியவர் அவர். கிழக்காசியாவில் ஜப்பானியப் பிரதமரின் காதுக்கு எட்டும் குரல் உடைய இந்தியர். அந்தக் குரல் டில்லிக்குப் போகும் வழியைக் கேட்டது. காஞ்சனபுரிக்குப் போனவர்களைத் திருப்பிக் கேட்டு ஊர் அறியக் குரல் கொடுக்கவில்லை. கூட்டாளியின் முகம் கோணிவிடக் கூடாதே! போர்தான் முதல் என்று முடிவு செய்தவனுக்குக் கூட்டாளியின் குற்றம் இரண்டாம் பட்சமாகிவிடும். அது போஸின் தனிப்பட்ட கெட்ட குணமில்லை, போரின் குணம்.

இன்னும் ஒன்று. 1945 ஏப்ரல் கடைசியில் ரங்கூன் விழும் தறுவாயில் போஸும் இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படைப் பெண்களும் பின்வாங்கினார்கள். கால் வீங்க நடந்து மௌல்மெய்ன் வந்து, அங்கிருந்து பாங்காக்குக்கு ரயிலேறினார்கள். எந்த ரயில் பாதை என்று சொல்ல வேண்டுமா? தோட்டத்திலிருந்து படையில் சேர்ந்த பெண் உட்கார்ந்திருந்த பெட்டிக்குக் கீழே அதே தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவன் புதைந்து கிடந்தான்.

'அவருக்குத் தெரிந்திருக்காது' என்று சிலர் பரிந்து பேசுவார்கள். அந்தமானைப் பார்ப்போம். 1943 டிசம்பர் கடைசியில் போஸ் போர்ட் பிளேர் போனார், மூவர்ணக் கொடி ஏற்றினார், தீவுகளுக்கு ஷாகீத், ஸ்வராஜ் என்று பெயர் சூட்டினார். அவர் அங்கே இருந்த அதே நாட்களில் அவ்வூர் இந்திய சுதந்திரச் சங்கத் தலைவர் டாக்டர் திவான் சிங் ஜப்பானியர் பிடியில் செல்லுலார் சிறையில் சித்திரவதைப்பட்டுக் கிடந்தார். இரண்டு வாரத்தில் செத்தார். சனவரி 30-ல் ஹம்ப்ரிகஞ்சில் 44 இந்தியர்களை ஒற்றர்கள் என்று சொல்லிச் சுட்டுத் தள்ளினார்கள். கொடி நம்முடையது, துப்பாக்கி அவர்களுடையது. பிறகு அந்தத் தீவுகளுக்கு ஆணையராக அனுப்பப்பட்டவர் ஏ. டி. லோகநாதன், ஒரு தமிழ் மருத்துவர். பட்டம் இருந்தது, அதிகாரம் இல்லை.

இம்பால் கதை அனைவருக்கும் தெரியும் என்பதால் நீட்டவில்லை. ஜப்பானியரோடு சேர்ந்து இந்திய தேசிய ராணுவம் மணிப்பூருக்குள் நடத்திய படையெடுப்பு 1944 மார்ச்சில் தொடங்கி ஜூலையில் முடிந்தது. கையிருப்பு மூன்று வார உணவு. அதற்குள் இம்பால் விழுந்துவிடும் என்பது ஜப்பானியத் தளபதி முதாகுச்சியின் கணக்கு. இந்தியச் சிப்பாய்கள் மறுபக்கத்திலிருந்து கூட்டமாக ஓடி வந்து சேர்ந்துகொள்வார்கள் என்பது போஸின் கணக்கு. இரண்டும் பொய்த்தன. மழை வந்தது, மலேரியா வந்தது, பசி வந்தது. கொஹிமாவில் ஜப்பானிய 31-ஆம் டிவிஷன் தளபதி சாதோ, சோறு போடாத மேலிடத்தின் கட்டளையை மீறித் தம் ஆட்களைத் திருப்பி அழைத்துக்கொண்டு இறங்கினார். ஜப்பானிய ராணுவத்தில் அது தலை போகிற காரியம். வாழ்நாள் முழுக்கச் சீருடையில் இருந்தவருக்கு, எப்போது போதும் என்று சொல்ல வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

போஸ் போதும் என்று சொன்னாரா? 1945 மார்ச்சில், அதிகாரிகள் சிலர் பிரிட்டிஷ் பக்கம் போய்விட்டதும் அவர் பிறப்பித்த ஆணை இது: படையில் உள்ள எவரும், பதவி வேறுபாடின்றி, கோழைத்தனமாக நடப்பவரைக் கைது செய்யலாம், துரோகம் செய்பவரைச் சுடலாம். துரோகிகள் நாள் என்று ஒரு நாளே குறித்தார். பர்மாவில் மெய்க்டிலா சரிந்துகொண்டிருந்த, ஜெர்மனி எரிந்துகொண்டிருந்த, தோல்வி கதவைத் தட்டி உள்ளேயே வந்துவிட்ட மாதம் அது. பசித்த சிப்பாய் பக்கத்துச் சிப்பாயைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டிய ஏற்பாடு. இதையும் மேடையில் சொல்லிவிட்டுக் கை தட்டல் வாங்கட்டும், பார்க்கிறேன்.

நம் பேச்சாளர்கள் இந்த இடத்தில் புறநானூற்றுத் தாயைக் கூட்டி வந்துவிடுவார்கள். மகனை எண்ணெய் தடவிச் சீவிப் போருக்கு அனுப்பினாள் அல்லவா என்பார்கள். கலிங்கத்துப் பரணியையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். சண்டை முடிந்த களத்தில் பேய்கள் பிணத்தில் கூழ் காய்ச்சி உண்ணும் படலமும் அதே தமிழில்தான் இருக்கிறது.

எதிர்வாதங்களில் வலுவானது எது என்று எனக்குத் தெரியும். சாதி. 1943 அக்டோபரில் சிங்கப்பூர்ச் செட்டியார்கள் தங்கள் கோயில் விழாவுக்குப் போஸை அழைத்தார்கள். எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் வரலாம் என்றால்தான் வருவேன் என்று நிபந்தனை போட்டு, முஸ்லிம் அதிகாரிகளையும் உடன் அழைத்துக்கொண்டு போனார். படை முகாமில் ஒரே பந்தி. நம் ஆலய நிர்வாகங்களில் சில இன்றும் எட்டாத தூரத்தை அந்த மனிதர் அன்றே எட்டினார். இதை முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பெண்களும் அப்படியே. கோலாலம்பூரில் போஸின் பேச்சைக் கேட்டுக் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்த பதினெட்டு வயது ஜானகி, கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படையில் அதிகாரியாகி, பின்வாங்கும் பாதையில் தோழியரை வழிநடத்தி, திரும்பி வந்து மலேசிய இந்தியர் காங்கிரசின் தொடக்க காலத்தில் உழைத்து, மேலவை உறுப்பினரும் ஆனார். ஈப்போவின் ராசம்மா பூபாலன் பின்னாளில் பெண் ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடினார்.

ஆனால் கவனியுங்கள். இவற்றில் எதற்குப் போர் தேவைப்பட்டது? ஒரே பந்தியில் சாப்பிட இம்பாலுக்கு நடக்க வேண்டியதில்லை. ராணிப் படைப் பெண்கள் போர்முனையில் சுட்ட குண்டுக்காக அல்ல, சுடாமலே வீட்டுப் படி தாண்டியதற்காகத்தான் நாம் இன்று அவர்களை நினைக்கிறோம். போஸ் செய்ததில் நின்று நிலைத்தவை எல்லாம் போரல்லாதவை. போர் என்று செய்தது எல்லாம் மணிப்பூர் மலைச் சரிவில் மக்கிப்போனது.

'இந்திய தேசிய ராணுவம் இல்லாவிட்டால் 1947 வந்திருக்காது' என்பது இன்னொன்று. அதில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதியும் என் பக்கம்தான் சாய்கிறது. வெள்ளைக்காரனை உலுக்கியது இம்பால் அல்ல. இம்பாலில் அவன் வென்றான். அவனை உலுக்கியது 1945 நவம்பரில் செங்கோட்டையில் அந்தப் படையின் அதிகாரிகள் ஷா நவாஸ், சேகல், தில்லான் மூவர் மீதும் நடந்த வழக்கு. அதையொட்டித் தெருவில் இறங்கிய கூட்டம். அடுத்த பிப்ரவரியில் பம்பாயில் வேலையை நிறுத்திய கடற்படை மாலுமிகள். நீதிமன்றம், தெரு, வேலை நிறுத்தம். கிள்ளான் தொழிலாளிக்கு 1941-லேயே தெரிந்திருந்த ஆயுதங்கள் இவை.

போருக்குப் பிறகு நம் தோட்டங்களில் தொழிற்சங்கம் கட்டியவர்களில் முன்னாள் படையினர் பலர் இருந்தார்கள் என்பதும் உண்மை. கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மூடச் சொல்லி மறியல் செய்தது. தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4-ல் புடு சிறையில் தூக்கிலேறினார். ஆனால் 'கள்ளுக்கடையை மூடு' என்பது எங்கே முதலில் எழுதப்பட்ட வரி? மேலே போய்ப் பட்டியலைப் பாருங்கள். சீருடையில் போனவர்கள் சீருடைக்கு முந்தைய கோரிக்கையோடுதான் திரும்பி வந்தார்கள்.

கடைசியாக, படையில் சேர்ந்த தோட்டத்து ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களைச் 'சோத்துக்குச் சேந்தவனுங்க' என்று பழித்தவர்கள் அன்றும் உண்டு. மரவள்ளிக் கிழங்கைத் தின்று வயிறு வீங்கிய காலத்தில் அரிசி போட்ட இடத்துக்குப் போனார்கள். சயாமுக்குப் பிடித்துப் போவதற்கு முன் சீருடையை மாட்டிக்கொண்டால் தப்பிக்கலாம் என்று போனவர்களும் இருந்தார்கள். அதில் என்ன இழிவு? உயிரைக் காத்துக்கொள்ளப் படையில் சேர்ந்தவனை வீரனல்ல என்று ஒதுக்குவதும், அவனை உயிரைத் துச்சமாக மதித்த வீரன் என்று ஊதிப் பெருக்குவதும் ஒரே மறைப்பின் இரண்டு ஓரங்கள். ப. சிங்காரம் 'புயலிலே ஒரு தோணி'யில் அந்தப் படையின் மனிதர்களை மாலையும் இல்லாமல் வசையும் இல்லாமல் பார்த்திருக்கிறார். மேடைக்கு அந்தக் கண் கிடைக்கவில்லை.

இன்றைய பிள்ளைகளுக்குச் சீருடை வேண்டும் என்பவர்களுக்கு என் பதில் இவ்வளவே: அவர்களிடம் 1941 பட்டியலைக் கொடுங்கள். கூட்டமாக நின்று, யாரையும் வெட்டாமல் குத்தாமல், கூலியும் பள்ளியும் மரியாதையும் கேட்ட தங்கள் பூட்டன் பூட்டியைப் பற்றி இந்த வட்டாரத்தில் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. பேச்சுப் போட்டிக்கு அதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அந்த மே மாதத்தில் சுடப்பட்ட ஐவரின் பெயரைச் சொல்லி எந்தக் கூட்டமும் தொடங்கி நான் பார்த்ததில்லை. காப்பார், பந்திங், கிள்ளான் தோட்டங்களில் பிறந்த குடும்பத்தார் யாரேனும் இதைப் படித்தால், வீட்டில் மிச்சமிருக்கும் பெரியவரிடம் இன்றைக்கே கேளுங்கள்: அந்த வேலை நிறுத்தத்தில் யார் இருந்தார், சயாமுக்கு யார் போனார், திரும்பாதவர் பெயர் என்ன, எந்தத் தோட்டம், எத்தனையாம் நம்பர் லயம். எழுதி வையுங்கள். வரும் சனவரி 23 கூட்டத்துக்கு அந்தத் தாளோடு வாருங்கள்; படத்துக்கு மாலை போட்ட கையோடு அதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்போம்.